வடாலாவில் வண்டி மாறி வந்தவர்

"மாமா, அம்மாவுக்கு முரகாமி புக் ஒண்ணு தமிழ்ல வாங்கித் தரலாம்னு இருக்கேன். ஆனா அது ஜப்பானீஸ்லேர்ந்து இங்கிலீஷுக்கு வந்து, அங்கேர்ந்து தமிழுக்கு வருதாமே? ரெண்டு கை மாறினதப் படிச்சா, அம்மா படிச்சது முரகாமிதானா?"

கேட்டது எங்கள் கட்டிடத்துப் பெண். பம்பாயின் வடாலாவில் பிறந்து, இங்கேயே எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். கல்லூரியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவள் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கதை என்றால் அவருக்குத் தமிழில்தான். மகள் ராத்திரியெல்லாம் லைட்டை அணைக்காமல் படிக்கும் அந்த ஜப்பான்காரர் அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஆளுக்கொரு கட்டிங், அதாவது அரைக் கிளாஸ் டீ, வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தோம். கேள்வி கட்டிங் அளவுக்குச் சின்னதாக இல்லை.

கிங்ஸ் சர்க்கிளில் ஏறி செம்பூர் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நேர் வண்டி குறைவு. பெரும்பாலும் வடாலா ரோடில் இறங்கி, பன்வேல் வண்டியைப் பிடிக்கிறார்கள். ஏறின ஆள்தான் இறங்குகிறார். ஆனால் வழியில் குடையை விட்டிருக்கலாம், கூட்டத்தில் சட்டைப் பொத்தான் போயிருக்கலாம். தமிழுக்கு வந்த வெளிநாட்டு இலக்கியத்தில் பெரும்பங்கு இப்படி ஆங்கிலம் என்ற ஸ்டேஷனில் வண்டி மாறித்தான் வந்திருக்கிறது. புதுமைப்பித்தன் மொழிபெயர்த்த உலகக் கதைகள் ஆங்கிலம் வழியாக வந்தவை. ஜி. குப்புசாமி தமிழுக்குக் கொண்டுவந்த துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கும் அப்படியே.

நேர் வண்டியும் உண்டு. வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலை பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கினார். க்ரியா அதை 1980இல் வெளியிட்டது. ரஷ்ய நாவல்கள் பலவற்றை மாஸ்கோவிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழர்கள் இருந்தார்கள். நாம் இப்போது டீ குடிக்கும் ஊரின் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: மராத்தி எழுத்தாளர் வி.ஸ. காண்டேகரை கா.ஸ்ரீ.ஸ்ரீ. நேரடியாக மராத்தியிலிருந்து கொண்டுவந்தார். ஒரு தலைமுறைத் தமிழர்கள் காண்டேகரைத் தங்கள் எழுத்தாளராகவே வைத்துப் படித்தார்கள். ஜப்பானியத்துக்கு அப்படி ஒரு கா.ஸ்ரீ.ஸ்ரீ. அமைந்து முரகாமியைக் கையில் எடுத்தால் கொண்டாடலாம். அதுவரை, கார்த்திகைப் பாண்டியனின் 'கடற்கரையில் காஃப்கா', ஸ்ரீதர் ரங்கராஜின் 'கினோ', ஜி. குப்புசாமி உள்ளிட்டவர்கள் மொழிபெயர்த்த சிறுகதைகள் எல்லாம் ஆங்கிலத்தில் மாறி ஏறி வந்தவைதான்.

"அப்ப குடை எங்க போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். நியாயம்.

முதலில் தொலைவது பக்கங்கள். ஜப்பானில் 1994, 95இல் மூன்று பாகமாக வந்த முரகாமியின் பெரிய நாவல் ஒன்று உண்டு. மனைவியும் பூனையும் காணாமல் போக, வேலையில்லாத கணவன் கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் கதை. ஆங்கிலத்தில் 'தி வைண்ட்-அப் பேர்ட் க்ரானிக்கிள்'. 1997இல் ஜே ரூபின் மொழிபெயர்த்தார். அமெரிக்கப் பதிப்பாளர் இவ்வளவு நீளம் தாங்காது என்றதால் சுமார் 25,000 வார்த்தைகள் வெட்டப்பட்டன. ரூபின் முழு மொழிபெயர்ப்பையும் செய்து வைத்துக்கொண்டு, கூடவே தன் கையாலேயே வெட்டிய பிரதியையும் கொடுத்தார். பதிப்பாளரின் ஆள் கத்தரிக்கோலை எடுப்பதைவிட, நாவலை வரிவரியாக அறிந்தவன் வெட்டுவது மேல் என்ற கணக்கு. மிச்சமிருப்பதைத்தான் நாம் முழு நாவல் என்று படிக்கிறோம். அதை வைத்து யாராவது தமிழில் செய்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு வரிகூட விடாமல் செய்தாலும் அந்த 25,000 வார்த்தைகள் வராது.

1985இல் ஜப்பானில் வந்த 'ஹார்ட்-பாயில்டு வொண்டர்லேண்ட்' நாவலுக்கும் இதே கதி. ஆல்ஃபிரட் பிர்ன்பாம் 1991இல் செய்த ஆங்கில வடிவத்தில் வெட்டு உண்டு. 2024 டிசம்பரில்தான் ரூபின் புதிதாக, முழுசாக மொழிபெயர்த்தது வெளிவந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் சுருங்கிய பிரதியையே அந்த நாவல் என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தது. இதில் வில்லன் யாரும் இல்லை. பெயர் தெரியாத ஒரு ஜப்பானியரை அமெரிக்கக் கடையில் விற்க வேண்டியிருந்த காலம் அது. 'எ வைல்ட் ஷீப் சேஸ்' நாவலை 1989இல் அங்கே கொண்டுபோனபோது, எழுபதுகளில் நடக்கும் கதை என்று காட்டும் ஆண்டுக் குறிப்புகளை எடுத்துவிட்டார்கள், புதுச் சரக்காகத் தெரியட்டும் என்று. டேவிட் கராஷிமா 2020இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். முரகாமியைப் படிக்கும்போது நாம் உண்மையில் யாரையெல்லாம் படிக்கிறோம் என்பதுதான் அதன் தலைப்பே. மொழிபெயர்ப்பாளர்கள் பிர்ன்பாம், ரூபின், ஃபிலிப் கேப்ரியல், எடிட்டர் எல்மர் லூக் என்று ஒரு பட்டாளமே அதில் வருகிறது.

இந்த வண்டி மாற்றல் ஜெர்மனியில் பெரிய சண்டையாகவே வெடித்தது. 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சி இலக்கிய நிகழ்ச்சியில் முரகாமி நாவல் ஒன்றைப் பேச எடுத்தார்கள். விமர்சகர் மார்செல் ரைஷ்-ரானிக்கி மெச்சினார். கூட இருந்த விமர்சகர் சிக்ரிட் லோஃப்லர் குப்பை என்கிற அளவுக்குப் போனார். வாக்குவாதம் முற்றி, லோஃப்லர் அந்த நிகழ்ச்சியை விட்டே விலகினார். அதற்குப் பிறகுதான் பலருக்கும் உறைத்தது: இருவரும் அடித்துக்கொண்ட அந்த ஜெர்மன் புத்தகம் ஜப்பானியத்திலிருந்து வந்ததே அல்ல, ஆங்கிலத்திலிருந்து செய்தது. லோஃப்லருக்கு எரிச்சலூட்டிய நடையில் முரகாமி எவ்வளவு, ஆங்கிலக்காரர் எவ்வளவு, ஜெர்மன்காரர் எவ்வளவு? 2013இல் உர்சுலா க்ரேஃபே அதே நாவலை ஜப்பானியத்திலிருந்தே மறுபடி மொழிபெயர்த்தார். பணமும் வாசகர்களும் உள்ள மொழி, பதின்மூன்று வருடத்தில் பொத்தானைத் தைத்துக்கொண்டது. நம் பதிப்பாளர்களிடம் அந்த வசதியை எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்.

முரகாமி என்ன சொல்கிறார் என்று கேட்டால், ஆங்கிலம் வழியாகப் போவதை அவர் ஒன்றும் பாவமாகக் கருதியவர் இல்லை. கருதவும் முடியாது. அவர் எழுத ஆரம்பித்த கதை அப்படி.

அவர் 1949இல் பிறந்தவர். டோக்கியோவில் 'பீட்டர் கேட்' என்று ஒரு ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்தார். 1978 ஏப்ரலில் ஜிங்கு மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாம் ஒரு நாவல் எழுதலாமே என்று தோன்றியதாக அவரே சொல்கிறார். ராத்திரி பாரை மூடிவிட்டு வந்து சமையலறை மேஜையில் எழுதினார். எழுதியது அவருக்கே பிடிக்கவில்லை. கனமான, இலக்கியத்தனமான ஜப்பானியம். உடனே ஒலிவெட்டி டைப்ரைட்டரை எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பப் பக்கங்களை ஆங்கிலத்தில் அடித்தார். தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், அதனால் வாக்கியம் சின்னதாக வந்தது, சுற்றிவளைக்க முடியவில்லை. பிறகு அதைத் தானே ஜப்பானியத்துக்கு மாற்றினார். அங்கேதான் அவருடைய நடை கிடைத்தது. 1979இல் அந்த நாவல் ஒரு பத்திரிகைப் பரிசை வென்றது. மூலம் என்று நாம் கும்பிடுகிற ஜப்பானிய வாக்கியமே ஒருதடவை ஆங்கிலத்தில் இறங்கி ஏறியதுதான். பிற்பாடு அவர் ஃபிட்ஸ்ஜெரால்டு, சாலிஞ்சர், ரேமண்ட் கார்வர் என்று வரிசையாக ஜப்பானியத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். மேலைநாட்டு வெண்ணெய் வாடை அடிக்கிற எழுத்து என்று அவர் ஊரிலேயே மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு.

அதனால் முரகாமியின் தெளிந்த, நீர் போன்ற வாக்கியம் ஆங்கிலம் வழியாக வந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. ஸ்பகெட்டி வேகவைப்பது, சட்டை இஸ்திரி போடுவது, ரெக்கார்டு கேட்பது, பூனை தேடுவது எல்லாம் எந்த மொழியிலும் உருப்படியாக வந்து சேர்ந்துவிடும். 1987இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற 'நார்வீஜியன் வுட்' நாவலின் பெயரே பீட்டில்ஸ் பாட்டின் பெயர்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதுவே சுவாரஸ்யமான இடமும். ஜப்பானியமும் தமிழும் வாக்கியம் கட்டுகிற விதத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. 'பூனை ஆசைப்பட்ட மீனை வாங்கிய ஆள்' என்று நாம் சொல்லும் வரிசையிலேயே அவர்களும் சொல்வார்கள்: முதலில் பூனை, பிறகு ஆசை, பிறகு மீன், கடைசியில் ஆள். வினை வாக்கியத்தின் வாலில் வரும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவான், பூனை கடைசிக்குப் போய்விடும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று வருடக்கணக்கில் வாதாடினார். மற்ற மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, நானும் அந்த வழக்கில் இறங்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய வரிசையில் இருக்கும் ஒற்றுமை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

ஆக, முரகாமியின் வாக்கியத்தை ஆங்கிலக்காரர் தலைகீழாகப் புரட்டுகிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் திரும்பப் புரட்டினால் அது கிட்டத்தட்ட பழைய வரிசைக்கே வந்து நிற்கும். புரட்டாமல் ஆங்கிலத்தின் வரிசையைப் பிடித்துக்கொண்டு, காற்புள்ளிக்கு மேல் காற்புள்ளி போட்டு இழுத்தால், முரகாமியிடம் இல்லாத முடிச்சு தமிழில் விழும். 'முரகாமி புரியலை' என்று தமிழில் படித்தவர்கள் சொல்லும்போது நான் எந்தப் பக்கம் என்று கேட்டு எடுத்துப் பார்ப்பதுண்டு. பலமுறை புரியாதது ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடுதான்.

உறவுகளும் இதே மாதிரி. ஜப்பானியத்தில் அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு. ஆங்கிலத்தில் எல்லாரையும் இரண்டு பெட்டியில் போட்டுவிடுவார்கள். 'கடற்கரையில் காஃப்கா'வில் பதினைந்து வயதுப் பையன் வீட்டை விட்டு ஓடுகிறான், தலைக்கு மேல் ஒரு சாபம்: அப்பாவைக் கொல்வான், அம்மாவோடும் உடன்பிறந்தவளோடும் சேருவான் என்று. அந்த உடன்பிறந்தவள் அவனைவிட ஆறு வயது மூத்தவள். ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று படிக்கும்போது மனம் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறது. தமிழில் 'அக்கா' என்று அச்சில் வந்ததும் வயிறு புரளும். ஜப்பானிய வாசகனுக்கும் அந்தப் புரளல்தான் கிடைத்திருக்கும். ஆங்கிலத்தில் மழுங்கின முனை இங்கே தமிழில் தானாகவே கூர் ஏறிவிடுகிறது.

அதே நாவலில் நகாட்டா என்று ஒரு முதியவர். இரட்டைப்படை அத்தியாயங்கள் அவருடையவை. சின்ன வயதில், போர்க்காலத்தில் ஏதோ நேர்ந்து எழுதப்படிக்க மறந்துபோனவர், ஆனால் பூனைகளோடு பேசுவார். காணாமல்போன பூனையைத் தேடிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறார். பூனையிடமும் அவ்வளவு பணிவு: உங்களை ஒட்சுகா என்று கூப்பிடலாமா என்று ஒரு கிழட்டுப் பூனையிடம் அனுமதி கேட்பார். தன்னை 'நான்' என்றுகூடச் சொல்லாமல் நகாட்டா என்றே சொல்லிக்கொள்வார். ஜப்பானியத்தில் அந்தப் பணிவு வினைச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை, 'மிஸ்டர்' ஒன்று போட்டு ஒப்பேற்றினார்கள். தமிழில் இடம் இருக்கிறது. நீ, நீங்க, வாங்க, சொல்லுங்க, ஐயா என்று எத்தனை படி! தெருப்பூனையை 'நீங்க' என்று கூப்பிடும் கிழவரை ஒரு தமிழ் வாசகி உடனே அடையாளம் கண்டுகொள்வாள். புத்தகம் கைக்கு வந்ததும் அந்தப் பூனைப் பேச்சு வரும் பக்கங்களை முதலில் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு முரகாமி மொழிபெயர்ப்பை எடைபோட எனக்குத் தெரிந்த குறுக்குவழி அது.

"எல்லாம் கிடைச்சிடும்னு சொல்ற மாதிரி இருக்கே?"

இல்லை. பேச்சு வழக்கு இருக்கிறது. நகாட்டாவுக்கு வழித்துணையாக வருபவன் ஹோஷினோ, லாரி டிரைவர். குதிரைவால் முடி, பூப்போட்ட சட்டை, பேஸ்பால் தொப்பி. இந்தப் பக்கத்து வடாலா டிரக் டெர்மினலில் நின்றால் அவன் மாதிரி நூறு பேரைப் பார்க்கலாம், ஆனால் ஒருத்தன் போல் இன்னொருத்தன் பேசமாட்டான். ஹோஷினோவை எந்த ஊர்த் தமிழில் பேசவைப்பது? மதுரைத் தமிழ் என்றால் மதுரைக்காரன் ஆகிவிடுவான். சென்னைத் தமிழ் என்றால் ஆட்டோ வந்து நின்றுவிடும். அதற்குப் பயந்து பலர் எல்லாரையும் எழுத்துத் தமிழில் பேசவைக்கிறார்கள். 'நீ ஏன் என்னிடம் இதைச் சொல்லவில்லை?' என்று ஒரு லாரி டிரைவர் கேட்டால் அவன் கையிலிருந்து ஸ்டியரிங் நழுவிவிடுகிறது. எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு: ஊர் தெரியாத பேச்சுத் தமிழ் ஒன்றை உருவாக்கியாவது தரவேண்டும், மேடைத் தமிழ் வேண்டாம்.

இன்னும் அழகான சிக்கல் ஒன்று 'எஸ்டர்டே' என்ற சிறுகதையில். 2014இல் வந்த 'மென் விதவுட் விமென்' தொகுப்பில் இருக்கிறது. அதில் வரும் கிடாரு என்ற பையன் டோக்கியோவிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆனால் ஒசாகா பக்கத்துக் கன்சாய் வழக்கில்தான் பேசுவான். ஹான்ஷின் டைகர்ஸ் என்ற அந்தப் பக்கத்து பேஸ்பால் டீம் மேல் பைத்தியம். அவர்கள் ரசிகர் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த வழக்கையே உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். கதை சொல்பவனோ அசல் கன்சாய்க்காரன், டோக்கியோ வந்ததும் ஊர்ப் பேச்சைச் சுத்தமாகக் கழற்றிவிட்டான். கதையின் தலைப்பாக இருக்கும் பீட்டில்ஸ் பாட்டை கிடாரு குளிக்கும்போது கன்சாய் வழக்கில் பாடுவான். ஆங்கிலத்தில் ஃபிலிப் கேப்ரியல் இதை நேரடியாகக் காட்டவில்லை. இவன் இன்ன வழக்கில் பேசுகிறான் என்று கதைசொல்லி சொல்வதோடு சரி, பேச்சு சாதாரண ஆங்கிலத்தில் போகிறது. வேறு என்ன செய்வார், பாவம். டெக்ஸஸ் ஆங்கிலத்தில் பேசவைத்தால் சிரிப்பார்கள்.

இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். வடாலாவில் பிறந்துவிட்டு, அம்மாவோடு 'வாரேன்'னு திருநெல்வேலிப் பேச்சு பேசுகிற பெண் அவள். கட்டிடத்தில் மற்றவர்களோடு வேறு தமிழ், காலேஜில் பம்பாய் ஹிந்தி. அந்தக் கதையில் நடப்பதை ஒரு அமெரிக்க வாசகருக்கு விளக்கித்தான் சொல்லவேண்டும். இவளுக்கு விளக்கவே வேண்டியதில்லை, தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் பாதித் தமிழர்களுக்கும்தான்.

இவ்வளவு இருந்தும் அவள் அம்மாவுக்கு முரகாமியில் உறுத்தப்போவது மொழி அல்ல என்பது என் ஊகம். முதல் கேள்வியே 'இவனுக்குன்னு சொந்தபந்தம் யாரும் இல்லையா?' என்று வரும். முரகாமியின் ஆட்களைத் தேடி யாரும் ஊரிலிருந்து வருவதில்லை. மனைவி போய்விட்டாள் என்றால் பேசிச் சேர்த்துவைக்க ஒரு சித்தப்பா இல்லை, ஏன் போனாள் என்று குடைய ஒரு அத்தை இல்லை. 'கினோ' கதையில் விளையாட்டுச் சாமான் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவன், மனைவிக்கு வேறொரு தொடர்பு இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை விட்டு வெளியேறி, சந்துக்குள் ஒரு சின்ன பார் வைக்கிறான். அவனுக்குக் கோபம்கூட வருவதில்லை. வரவேண்டிய நேரத்தில் வராத வலிதான் பிற்பாடு கதவைத் தட்டுகிறது. இங்கே ஒரு தமிழ்க் கதையில் அந்தக் கோபத்தை அவன் சார்பில் பத்துப் பேர் பட்டிருப்பார்கள்.

இந்த ஊரிலேயே அதற்கு எதிர்ப் படம் ஒன்று இருக்கிறது. நாஞ்சில் நாடன் எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வேலைக்கு வந்து பல வருடம் இருந்தவர். அவருடைய 'சதுரங்க குதிரை' நாவலின் நாராயணனும் இந்த நகரத்தில் கல்யாணம் ஆகாமலே வயது ஏறும் தனி ஆள்தான். ஆபீஸ், லோக்கல், அறை, மெஸ் என்றே போகும். ஆனால் அவன் தனிமைக்குள் ஊர் வந்து வந்து எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பெண் பார்ப்பார்கள், பேசாமல் விடமாட்டார்கள். நாராயணனின் தனிமை ஆட்கள் சூழ இருக்கிற தனிமை. கினோவின் தனிமையில் ஆள் நடமாட்டமே கிடையாது, ஒரு பூனை இருந்தது, அதுவும் ஒருநாள் வருவதை நிறுத்திவிடுகிறது. அம்மாவுக்கு நாஞ்சில் நாடன் ஏற்கெனவே பழக்கம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஜப்பான்காரர் எதை வேண்டுமென்றே காலிசெய்து வைத்திருக்கிறார் என்று அவருக்கே பிடிபடும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாள். 'காஃப்கா'வில் வேண்டாம், தடி புத்தகம், சாபமும் ரத்தமும் உண்டு. ஒரு ஏப்ரல் காலையில் டோக்கியோவின் ஹராஜுகு தெருவில் தனக்கு நூறு சதவீதம் பொருத்தமான பெண்ணைக் கடந்துபோகிறவனைப் பற்றி முரகாமியின் சின்னக் கதை ஒன்று தமிழில் வந்திருக்கிறது, சில பக்கம்தான், பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு 'கினோ'. ஆங்கில முரகாமி கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளிலேயே பழைய விலையில் அகப்படும், தமிழ்ப் பதிப்புக்கு ஊரிலிருந்து கூரியர்தான். வாங்கும்போது உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரோடு, எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து செய்தது என்றும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னேன். போடாத பதிப்பாளரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

'எஸ்டர்டே'யை மட்டும் அம்மாவுக்கு நீயே ஆங்கிலத்திலிருந்து வாசித்துச் சொல் என்றேன். கிடாரு பேசுகிற இடம் வரும்போது நிறுத்தி, இதை நம்ம ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வாய் என்று அம்மாவிடம் கேள், அவர் சொல்வதை நோட்டில் எழுதிவை. எழுத்துக்கூட்டி எழுதினாலும் பரவாயில்லை.